ஆறாவது பாட்டு

காரைக்குடி
12.7.2025, சனிக்கிழமை காலை

என் அருமைத் தேனம்மைக்கு,

ரேணுகா எழுதுவது. உடம்பு சௌக்கியம், காதுதான் சௌக்கியமில்லை. உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருப்பார்கள் என்று நானே வைத்துக்கொண்டு நேரே திட்ட ஆரம்பிக்கிறேன்.

நேற்று நீ இரண்டு தடவை ஃபோன் செய்தாய். பார்த்தேன், சிரித்தேன், கட் செய்தேன். நாற்பது வயதில் விதியை உடைக்கப் பார்க்கிறாயா? நம் உலைவாய் பேண்ட் புது ஆல்பம் போட்டால் ஆளுக்கொரு ஊரில் தனியாக உட்கார்ந்து ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும், நடுவில் எழுந்திருக்கக் கூடாது, மறுநாளுக்குள் கையால் எழுதித் தபாலில் போட வேண்டும், இரண்டு கடிதமும் போய்ச் சேரும்வரை ஃபோன், வாட்ஸ்அப் எதுவும் கிடையாது. இதைப் போட்டவளே நீதான். படிப்பு முடிந்து 2006இல் நீ பெங்களூருக்கு ரயில் ஏறியபோது, "ஒருத்தி சொல்றதக் கேட்டு இன்னொருத்தி மனசு மாறிறக் கூடாதுடி" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாய். மூன்று ஆல்பத்துக்கு அப்படித்தான் எழுதினோம். இது நாலாவது. இதுவே கடைசியாகவும் இருந்து தொலையட்டும்.

நேற்று மதியமே லேபைச் சாத்திவிட்டேன். ரத்தம் கொடுக்க வந்த கோவிலூர்க்காரர் ஒருவர், "வெறும் வயித்தோட வந்துருக்கேன், இப்பப் போயி சாத்துறீகளே" என்று வாசலிலேயே நின்றார். அவருக்கு மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு, கதவைத் தாழ் போட்டு, ஹெட்போனை மாட்டினேன். மூன்று வருடம் காத்திருந்தது இதற்குத்தானா தேனு?

பெயரே 'ஈரம்'. சாம்பல் மேடு, பேய்வெயில், செம்மண் பசி என்று பெயர் வைத்த ஆட்கள். அட்டையில் ஆத்தங்குடிக் கல், பூப்போட்ட தரை, அதன்மேல் ஒரு பித்தளைச் சொம்பு. ஓரத்தில் மஞ்சள் தடவாததுதான் குறை, தடவியிருந்தால் ஊர் ஊராகக் கொடுத்துக் கல்யாணத்துக்கு அழைத்திருக்கலாம்.

முதல் பாட்டு புல்லாங்குழலில் தொடங்குகிறது. உலைவாயில் புல்லாங்குழல். வேறு ஏதாவது ஓடுகிறதா என்று ஃபோனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் கழித்துச் சின்னக்கருப்பு வருகிறான். வெல்டிங் பட்டறையில் சத்தத்தோடு சத்தமாகக் கத்தியே தொண்டையை வளர்த்த மனுஷன். அவன் அலறினால் எனக்கு அடிவயிற்றில் ஒரு தைரியம் வரும், உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட அவனைக் கேட்டுத்தான் பயம் தெளிந்தேன். அந்த ஆள் இப்போது வாயில் கற்கண்டை ஒதுக்கிக்கொண்டு பாடுகிறான். வெங்கட்ராமனின் கிட்டாரைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தலை சீவி உட்கார வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பாட்டு காதல் பாட்டு. 'விழி' என்று வருகிறது, 'மொழி' என்று வருகிறது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் வந்தது.

வீடியோ ஒன்று போட்டிருக்கிறார்களே, அது உங்கள் கீழச்சிவல்பட்டி வீடுதானே? முற்றத்தைச் சுற்றிய வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு பட்டு வேட்டியில் நிற்கிறான் சின்னக்கருப்பு. ஒரு பெண் விளக்கோடு குறுக்கே போகிறாள், திரும்பி வருகிறாள், மறுபடி போகிறாள். என்ன வேலையாகப் போகிறாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. உன் அப்பச்சி எப்படிச் சாவி கொடுத்தார்? நீயாவது தடுத்திருக்கக் கூடாதா?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஆறாவது பாட்டுக்கு வருகிறேன். 'கூப்பாடு' என்று பெயர். பாட்டே கிடையாது. அடியில் மெதுவாக டிரம், மேலே ஒரு பொம்பளை அழுகிறாள். குரலை இழுத்து, கனமாக்கி, கிணற்றுக்குள் போட்ட மாதிரி ஆக்கியிருக்கிறார்கள், ஒரு வார்த்தை புரியவில்லை. ஐந்து நிமிடம் அழுகிறாள். யாரையோ கூட்டிவந்து, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அழும்மா என்று சொல்லி எடுத்திருக்கிறார்கள். பச்சை நடிப்பு. நடுவில் சிரிக்கிற மாதிரிகூட ஒரு சத்தம் வருகிறது. நிஜமாக அழுகிறவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

எனக்கு அழுகை தெரியும் தேனு. பாண்டி செத்த அன்றைக்கு அழுதேனே. இருபத்தொன்பது வயதுத் தம்பி, கண்டரமாணிக்கத்தில் மோட்டார் ரூமில் கரண்ட் அடித்து விழுந்து கிடந்தான் என்று சொன்னபோது எனக்கு என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியாது. அன்று நீ ஃபோன் எடுக்கவில்லை. உன் கம்பெனியில் உள்ளே போகும்போது லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்றாய், அதை நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. சொல்ல வந்தது வேறு. நிஜ அழுகை இப்படி அளவெடுத்து ஐந்து நிமிடம் வராது. சாவு வீட்டை விற்றுச் சாப்பிடுகிற வேலை இது. அருவருப்பாக இருந்தது. பாதியில் எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி வந்தேன். விதிப்படி எழுந்திருக்கக் கூடாது, எழுந்துவிட்டேன், மறைக்காமல் எழுதுகிறேன்.

ஏழு, எட்டு, ஒன்பது கேட்டேன். ஒன்றும் ஞாபகமில்லை.

இதை இப்போதே போய்த் தபால்பெட்டியில் போடுகிறேன். உன் கடிதமும் இந்நேரம் கிளம்பியிருக்கும். நீயும் நன்றாகத் திட்டியிருப்பாய் என்ற ஒரே நம்பிக்கையில் இருக்கிறேன்.

காது கழுவப் போகும்
உன் ரேணுகா


பெங்களூரு, எலகங்கா
12.7.2025

அன்பு ரேணுவுக்கு,

தேனம்மையின் அணைப்பும் பயமும். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் முத்தரசு அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

நேற்று நீ கட் செய்துவிட்டாய். முதல் தடவை கட் செய்ததும் மறுபடி அடித்தேன், அதையும் கட் செய்தாய். மெசேஜ் அடித்தேன், அழித்தேன், அடித்தேன், அழித்தேன். நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சரி, இனி கடிதத்தில்தான்.

முதலில் ஆல்பம். மோசம். உன்னிடம் பொய் சொல்ல முடியாது. புல்லாங்குழலைக் கேட்டதும் நீ எப்படி முகம் சுளித்திருப்பாய் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தக் காதல் பாட்டைக் கேட்கும்போது என் பல் கூசியது. வீடியோவுக்கு எங்கள் வீட்டைக் கொடுத்தது அப்பச்சி. "நம்ம ஊருப் பயலுக, பேரு வாங்கட்டும்" என்றார். அவன் செருப்புக் காலோடு வளவில் நடந்ததைப் பார்த்து இப்போது வாயே திறக்காமல் இருக்கிறார். ஒன்பதில் எட்டு குப்பை ரேணு.

ஆறாவதை மட்டும் நான் குப்பை என்று சொல்லமாட்டேன். அதில் நான் விதியை மீறியிருக்கிறேன். அதை நான் முன்னமே கேட்டுவிட்டேன். ஸ்டுடியோவில் அதைப் பாட்டாக்கும்போது பக்கத்தில் இருந்தேன்.

போன டிசம்பரில் இங்கே ஒரு கச்சேரிக்கு வந்திருந்தார்கள். முடிந்ததும் போய்ப் பேசினேன். காரைக்குடி என்றதும் சின்னக்கருப்பு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். புது ஆல்பத்தில் சாவைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும், எது எழுதினாலும் பொய்யாக இருக்கிறது என்றான். என் ஃபோனில் ஒரு குரல் இருந்தது. போட்டுக் காட்டினேன். அவன் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டான். வெங்கட்ராமன் தலையைக் குனிந்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ரேணு, அந்தக் குரல் உன்னுடையது. பாண்டி போன அன்றைக்கு நீ எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்.

உடனே கிழித்துப் போட்டுவிடாதே, இன்னும் கொஞ்சம் படி. உன் பெயர், பாண்டி பெயர், ஊர்ப் பெயர் எதுவும் அதில் இல்லை, எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். குரலையும் மாற்றிவிட்டார்கள், பெற்ற தாய்க்கே தெரியாது. மூன்று வருடமாக அதை நான் மட்டும் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய சத்தம் என் ஃபோனுக்குள் கிடந்து வீணாகப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. நாம் கும்பிட்ட ஆட்களின் பாட்டில் பாண்டி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். உன்னைக் கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

முதலில் கோபப்படுவாய், தெரியும். ஆனால் யாருடையது என்று தெரியாமல் நீ அதை முதல் தடவை கேட்டபோது உனக்கு என்ன தோன்றியது என்று படிக்கத்தான் உன் கடிதத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறேன். அது உன்னை உலுக்கியிருக்கும். அதை எழுதியிருப்பாய்.

உன் கடிதம் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்
தேனு


காரைக்குடி
17.7.2025

தேனம்மைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. என்னுடையதும் உனக்கு வந்திருக்கும். எனக்கு என்ன தோன்றியது என்று படித்திருப்பாய். நடிப்பு என்று எழுதினேன். யாரோ தண்ணீர் கொடுத்து அழ வைத்த பொம்பளை என்று எழுதினேன். என் அழுகையை என் வாயாலேயே காறித் துப்ப வைத்துவிட்டாய். இனி ஜென்மத்துக்கும் இது என்னை விட்டுப் போகாது.

நம்பவில்லை நான். உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஃபோனில் அந்தப் பாட்டைச் சத்தமாகப் போட்டேன், ஹெட்போன் இல்லாமல். அரை நிமிடம் ஆகியிருக்காது. அம்மா சமையல்கட்டிலிருந்து கையில் கரண்டியோடு வந்தது. "ஏத்தா, எங்குட்டு இருந்து வருது இது? பாண்டிக்கு நீ கத்துனதுல்ல?" என்றது.

பெற்ற தாய்க்கே தெரியாது என்று எழுதியிருந்தாயே. அதற்கு அரை நிமிடம்தான் ஆனது. நேற்று முழுக்க அம்மா சாப்பிடவில்லை. "ரேடியோவுலயா போட்டுட்டாக? எதுக்குப் போட்டாக? நம்ம என்ன தப்புப் பண்ணுனோம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு நான் என்ன சொல்ல? நம்ம தேனம்மைதான் கொடுத்தாள் என்று சொல்லவா? அம்மா உன்னை எப்படிப் பார்க்கும் என்று உனக்குத் தெரியும். ஹாஸ்டலில் நீ காய்ச்சலில் கிடந்தபோது கண்டரமாணிக்கத்திலிருந்து பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுவந்தது அந்த அம்மா. அதனால் சொல்லவில்லை. உனக்காக இல்லை, அதன் மனசுக்காக.

அந்தப் பாட்டுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். ஒருவன் புல்லரித்தது என்கிறான். ஒருவன் இந்த நடிகை யார் என்று கேட்கிறான். ஒருத்தி ஹார்ட் ஹார்ட்டாகப் படம் போட்டிருக்கிறாள். என் தம்பி மோட்டார் ரூம் ஈரத்தில் கிடந்தான். அதற்கு ஹார்ட் படம்.

நான் தினமும் நாற்பது பேருக்கு ரத்தம் எடுக்கிறேன். குழாயில் ஒட்டியிருக்கும் பெயரை இன்னொருவரிடம் சொல்லமாட்டேன். சின்னப் பிள்ளையாக இருந்தாலும் "எடுத்துக்கிறட்டுமா" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை வைப்பேன். நீ கேட்கவில்லை. வேண்டாம் என்பேன் என்று தெரிந்ததால் கேட்கவில்லை என்று எழுதுகிறாய். அந்த ஒரு வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அந்தப் பாட்டை எடுக்கச் சொல். எப்படி எடுப்பாயோ எனக்குத் தெரியாது. அதுவரை எனக்கு எழுதாதே.

ரேணுகா


பெங்களூரு
23.7.2025

ரேணு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நீ படிக்காமல் போட்டாலும் சரி.

உன் முதல் கடிதத்தைப் படித்தேன். வாந்தி எடுத்தேன் என்று எழுதிய இடத்துக்குமேல் படிக்க முடியவில்லை, மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன். அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இன்னும் இருக்கிறது. சோறு இறங்கவில்லை. அதைச் சொல்லி உன்னிடம் இரக்கம் கேட்கவில்லை.

சின்னக்கருப்பிடம் பேசிவிட்டேன். அவர்களிடம் நான் உன் சம்மதம் வாங்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். அதுவும் பொய். உண்மையைச் சொன்னதும் அவன், "ஆச்சி, அந்தப் புள்ள ஒத்துக்கிருச்சுன்னு நீங்கதான சொன்னீக. எங்களப் பொணத்து மேல ஏத்தி நிக்க வச்சுட்டீகளே" என்றான். எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கொஞ்ச நாள் ஆகுமாம். நம்முடைய பாட்டுக்காரன் என்னைக் கேவலமாக நினைக்கிறான். நினைக்கட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உனக்கு எழுதிய எல்லாமே பொய்யாகிவிடும்.

அன்றைக்கு ஃபோன் லாக்கரில் இல்லை ரேணு. அன்று எனக்கு ஷிப்ட்டே இல்லை. வீட்டில் இருந்தேன். செம்மண் பசி முந்தின நாள்தான் வந்திருந்தது. நான் மேஜையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் ஃபோன் இருந்தது. மூன்று மணிக்கு உன் பெயர் வந்தது. விதியை உடைக்கப் பார்க்கிறாள் கழுதை என்று நினைத்துச் சிரித்தேன். மறுபடி வந்தது. மறுபடி. ஆல்பம் அவ்வளவு பிடித்துவிட்டதா இவளுக்கு என்று எனக்குக் குஷியாகக்கூட இருந்தது. எடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். எழுதி முடித்து நிமிர்த்தினால் பதினோரு அழைப்பு, ஒரு வாய்ஸ் மெசேஜ். அதையும் திறக்கவில்லை. கேட்டால் விதி போய்விடும் என்று அப்படியே வைத்தேன்.

மறுநாள் மாலை முத்தரசு அண்ணன் "பாண்டி தவறிட்டான்" என்று அனுப்பிய பிறகுதான் திறந்தேன். அதற்குள் எரித்துவிட்டீர்கள். நான் மூன்றாம் நாள்தான் வந்தேன். நீ கேட்டபோது லாக்கர் என்றேன். நீ உடனே நம்பினாய்.

நீ அழுகிறவள் சிரிக்கிறாள் என்று எழுதியிருந்தாயே. அது சிரிப்புதான். அந்த இடத்தில் நீ சொல்வதை வெட்டிவிட்டார்கள், எனக்கு மனப்பாடம். "ஆல்பம் பத்தி இல்லடி. விதியெல்லாம் கெடக்கட்டும். வெளாடாத தேனு, எடுடி" என்கிறாய். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாய். நான் எதற்காக எடுக்கவில்லை என்று உனக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

நான் எடுக்காத ஃபோனை ஊரே எடுக்கட்டும் என்றுதான் கொடுத்தேனோ என்னவோ. பாண்டிக்காக என்று எழுதினேன், உனக்காக என்று எழுதினேன். எனக்காகத்தான் செய்திருக்கிறேன்.

தேனம்மை


பெங்களூரு
14.8.2025

ரேணுவுக்கு,

மூன்று வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. குறை சொல்லவில்லை.

நேற்று அந்தப் பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஈரத்தில் இப்போது எட்டுப் பாட்டுதான். ஏன் எடுத்தார்கள் என்று ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். ஆல்பத்தின் நல்ல பாட்டை எடுத்த முட்டாள்கள் என்று திட்டு. சின்னக்கருப்பு யாருக்கும் பதில் சொல்லவில்லை. என் நம்பரை அவன் எடுப்பதில்லை.

என் ஃபோனில் இருந்த உன் குரலையும் அழித்துவிட்டேன். அழிக்கும் முன்னால் கேட்கவில்லை.

இதோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். உன்னுடையதுதான். செம்மண் பசிக்கு நீ எழுதியது. பாண்டி போன அன்று காலையில் நீ தபாலில் போட்டிருக்கிறாய். நான் மூன்றாம் நாளுக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது வீட்டு வாசலில் கிடந்தது. இத்தனை நாள் உனக்கு இதைப் பற்றிச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. இதில் அவன் உயிரோடு இருக்கிறான். இது என்னிடம் இருக்கக் கூடாது.

அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்ல வேண்டாம்.

தேனம்மை


காரைக்குடி
31.8.2025, ஞாயிறு

தேனு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நான் அனுப்பிய பழைய கடிதமும் வந்தது. அதை முதலில் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறான். நான் பாட்டை ஸ்பீக்கரில் போட்டு அவனுக்குக் காட்டியிருக்கிறேன், அவன், "அக்கா, மாட்டுக்கு வயித்துக்குள்ள கன்னு தடம் மாறி நின்னா இப்படித்தான் கத்தும், டாக்டரக் கூப்பிடவா" என்றிருக்கிறான். அவன் அப்படிச் சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தது. பாண்டி போன பிறகு அம்மா அவன் பேச்சை எடுத்துச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதற்கு உனக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்லிவிட்டேன்.

இனி மற்றது. அந்தப் பாட்டை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். நான் முதல் நாளே இறக்கி வைத்தது என் ஃபோனில் அப்படியே இருக்கிறது. இன்று மதியம் லேபில் உட்கார்ந்து ஆல்பம் முழுசையும் இரண்டாம் தடவை கேட்டேன். நாம் எதையும் இரண்டாம் தடவை கேட்டு எழுதியதில்லை. எழுதியிருக்க வேண்டும் போல.

அருவருப்பு போகவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மற்ற எட்டும் முன்னைவிட மோசம், காதல் பாட்டு சகிக்கவில்லை. ஆறாவதைக் கேட்கும்போது மறுபடி குமட்டியது. முதல் நாள் எனக்குத் தெரியாவிட்டாலும் என் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. அந்த டிரம்மை எவனோ என் முதுகில் வைத்து அடிக்கிற மாதிரி இருக்கிறது. நீ செய்தது திருட்டு. அதற்கு வேறு பெயர் நான் தேடப் போவதில்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். நீ சொன்னது சரி. அன்றே எனக்குத் தெரிந்திருக்கிறது. நீ விதியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறேன். அப்புறம் நீ லாக்கர் என்றதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதை நம்பாவிட்டால் உன்னை வெறுக்க வேண்டியிருக்கும். பாண்டியும் போய் நீயும் போனால் எனக்கு யார் இருந்தார்கள்? பொய் சொன்னது நீ, அதை மூன்று வருடம் சோறு போட்டு வளர்த்தது நான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் ஒரு மாதமாக என்னைத் தூங்க விடவில்லை. ஜூலை பதினொன்றாம் தேதி நீ இரண்டு தடவை கூப்பிட்டாய். நான் சிரித்துக்கொண்டு கட் செய்தேன். அதைப் பெருமையாகக் கடிதத்தில் வேறு எழுதினேன். யாராவது செத்து நீ கூப்பிட்டிருந்தாலும் நான் அப்படித்தான் கட் செய்திருப்பேன். பாண்டி போன அன்று நீ எப்படி இருந்திருப்பாய் என்று இதை நினைத்தபோது தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு இருந்த சௌகரியம் அதனால் பாதி போய்விட்டது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், யார் கொடுத்தது என்று. "அந்தப் புள்ளைக்கு என்ன கொற வச்சோம்" என்றது. பிறகு, "சாப்பிடுறாளா என்னன்னு கேளு" என்றது. கேட்டதாக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

என் ஃபோனில் இருந்த பாட்டையும் இப்போது அழித்துவிட்டேன்.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதினாலும் பிரிக்கமாட்டேன். பத்தொன்பது வருடமாக எழுதி எழுதித்தான் இந்த நிலைக்கு வந்தோம். நீ போட்ட விதியை நான் எடுத்துவிட்டேன்.

ஃபோன் செய். எடுப்பேன் என்று சொல்லமாட்டேன், எனக்கே தெரியாது. அன்றைக்கு நான் உன்னைப் பதினோரு தடவை கூப்பிட்டேன். நீயும் கூப்பிட்டுப் பார். பத்தோடு நிறுத்திவிடாதே.

ரேணுகா